‘ரைபேரியன்’ என்றால் என்ன? ஆழியாற்றங்கரையில் நிலம் இருந்தால் தண்ணீரும் நமக்குச் சொந்தமா?

காவிரிப் பிரச்சினை சூடுபிடிக்கும்போதெல்லாம் ஆங்கில சேனல்களில் ஒரு சொல் அடிபடும்: ‘லோயர் ரைபேரியன் ஸ்டேட்’. தமிழ்நாட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் ஏதோ ‘ரிப்பேர்’ சம்பந்தப்பட்ட வார்த்தை என்று நினைத்து அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள்.

ரிப்பேருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வாங்கலாம் என்று யோசிப்பவருக்கும், வெள்ளகோவிலில் வாய்க்கால் தண்ணீருக்காகக் காத்திருக்கும் விவசாயிக்கும் இந்தச் சொல்லோடு நேரடித் தொடர்பு உண்டு. அதை அரைகுறையாகப் புரிந்துகொண்டால் நஷ்டம் நமக்குத்தான்.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘ரிபா’ என்றால் கரை. அதிலிருந்து வந்ததுதான் ‘ரைபேரியன்’. ஆற்றங்கரை சார்ந்த, கரையோர என்று பொருள். தமிழில் ‘கரையோர உரிமை’ என்று சொன்னால் சரியாக இருக்கும். ஆங்கிலத்தின் ‘ரிவர்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே.

இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். ‘ரிவஸ்’ என்றால் லத்தீனில் ஓடை. ஒரே ஓடையிலிருந்து தண்ணீர் எடுக்கும் பக்கத்துக்காரனை ‘ரிவாலிஸ்’ என்றார்கள். போட்டியாளர், எதிராளி என்று நாம் இன்று புரிந்துகொள்ளும் ‘ரைவல்’ அங்கிருந்துதான் வந்தது. ஒரே தண்ணீரைப் பங்கு போடுகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை ரோமானியர்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருந்திருக்கிறார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் கரையோர உரிமையைப் பற்றிப் பேசும் முக்கியமான சட்டம் 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம். ஆங்கிலத்தில் ‘ஈஸ்மென்ட்ஸ் ஆக்ட்’. இந்தச் சட்டம் முதலில் அமலுக்கு வந்த பகுதிகளில் அன்றைய சென்னை மாகாணமும் ஒன்று. ஆகவே கோவை வட்டாரத்துக்கு இது 140 ஆண்டுப் பழக்கம்.

அதன் 7-வது பிரிவில் தரப்பட்டுள்ள உதாரணங்களின் சாரத்தை எளிமையாகச் சொன்னால் இப்படி வரும்:

ஓர் இயற்கையான ஓடையையோ, ஏரியையோ, குளத்தையோ ஒட்டி உங்கள் நிலம் இருந்தால், குடிக்கவும், வீட்டுத் தேவைக்கும், ஆடு மாடுகளுக்கும் அதன் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம். அந்த நிலத்தில் பாசனம் செய்யலாம். அந்த நிலத்தில் உள்ள தொழிற்கூடத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் உங்களைப் போலவே உரிமை உள்ள மற்றவர்களுக்குக் கணிசமான பாதிப்பு வரக் கூடாது.

இதன் மறுபக்கமும் அதே பிரிவில் இருக்கிறது. உங்கள் நிலத்தின் வழியே ஓடும் இயற்கை நீரோட்டம் தடைபடாமல், அதன் அளவிலும் திசையிலும் வேகத்திலும் வெப்பநிலையிலும் பெரிய மாற்றம் இல்லாமல் உங்களிடம் வந்து சேர வேண்டும். அதை உறுதிசெய்ய வேண்டியவர் உங்களுக்கு மேலே இருப்பவர்.

அதாவது, கரையோர உரிமை என்பது தண்ணீருக்கான பட்டா அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை மட்டுமே. ‘எனக்குக் கீழே இருப்பவருக்கும் போய்ச் சேர வேண்டும்’ என்ற நிபந்தனை அதோடு ஒட்டிப் பிறந்தது. நிபந்தனையைக் கழற்றிவிட்டு உரிமையை மட்டும் கேட்க முடியாது.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று. ஆறுகள், ஓடைகளின் நீரைச் சேமிக்கவும், தேக்கவும், பகிர்ந்தளிக்கவும் அரசுக்கு உள்ள அதிகாரத்தை இந்தச் சட்டம் தொடவில்லை என்று 2-வது பிரிவு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அரசு அணை கட்டி ‘இவருக்கு இவ்வளவு, அவருக்கு அவ்வளவு’ என்று முறைப்படுத்தினால், ‘நான் கரையில் இருக்கிறேன்’ என்ற வாதம் மட்டும் போதாது.

ஆறு வேறு, வாய்க்கால் வேறு

இப்போது ஆனைமலைக்கு வருவோம். ஆழியாறு மலையிலிருந்து இறங்கி, அணையைத் தாண்டி, ஆனைமலை ஊரையும் அம்பராம்பாளையத்தையும் தொட்டுக்கொண்டு, மணக்கடவு வழியாகக் கேரளாவுக்குள் போகிறது. அங்கே சித்தூர் புழை என்ற பெயரில் ஓடிக் கடைசியில் பாரதப்புழையில் சேர்கிறது.

இது இயற்கையான ஆறு. இதன் கரையில் ஒட்டி இருக்கும் நிலத்துக்கு மேலே சொன்ன 7-வது பிரிவு பொருந்தும்.

ஆனால் இதே வட்டாரத்தில் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின், அதாவது பி.ஏ.பி.யின் வாய்க்கால்களும் ஓடுகின்றன. பார்த்தால் இரண்டிலும் தண்ணீர்தான். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு. வாய்க்கால் என்பது அரசு வெட்டியது. அதன் கரையில் நிலம் இருப்பதால் மட்டும் எந்தக் கரையோர உரிமையும் வந்துவிடாது. உங்கள் நிலம் ஆயக்கட்டில் இருக்கிறதா என்பதே அங்கே கேள்வி. ஆயக்கட்டில் இல்லையென்றால், வாய்க்கால் உங்கள் வேலியை உரசிக்கொண்டு போனாலும் அது நீங்கள் எடுக்கக்கூடிய தண்ணீர் இல்லை.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் ஆகிய ஐந்து வாய்க்கால்களில் பாயும் ஆழியாறு பழைய ஆயக்கட்டு 6,400 ஏக்கர். அணை வருவதற்கு முன்பே ஆற்றுத் தண்ணீரில் விளைந்த வயல்கள் இவை. காலங்காலமாக அனுபவித்து வந்த வழக்கமே இவர்களின் பலம். ‘பழைய ஆயக்கட்டு, புதிய ஆயக்கட்டு’ என்று அரசாணைகளில் இன்றும் தனித்தனியாக எழுதுவதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

அளவு மட்டுமல்ல, தரமும்தான்

கரையோர உரிமை என்றால் எத்தனை கன அடி என்ற கணக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1893-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்த்துவைத்த ஒரு வழக்கு சுவாரஸ்யமானது. ஸ்காட்லாந்தில் ஒரு விஸ்கி ஆலை ஓடைத் தண்ணீரை நம்பி இயங்கியது. மேலே இருந்த சுரங்கம், நிலத்தடியிலிருந்து இறைத்த தண்ணீரை அதே ஓடையில் விட்டது. அது அழுக்குத் தண்ணீர் அல்ல, வெறும் கடினத்தன்மை கூடிய தண்ணீர். ஆனால் விஸ்கிக்கு ஆகாது. ஓடைத் தண்ணீரின் இயல்பையே மாற்றிவிடும் உரிமை மேலே இருப்பவருக்கு இல்லை என்று ஆலைக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

அதையே கொங்கு நாடு வேறு விதமாக, வேதனையோடு அனுபவித்தது. திருப்பூர் சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணை, விவசாயிகளே ‘தண்ணி விடாதீங்க’ என்று சொல்லும் நிலைக்குப் போனது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் அமைத்து நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் ‘கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறக் கூடாது’ என்ற நிலையை எட்ட உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயும் மாசுபடுத்தியவர்களால் பொறுப்பிலிருந்து தப்ப முடியவில்லை. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடவே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்த வழக்கு சுற்றுச்சூழல் சட்டங்களின் பெயரில் நடந்தது. ஆனால் அதன் அடியில் இருந்த நியாயம் பழைய கரையோர நியாயம்தான்: மேலே இருப்பவர் செய்வதற்குக் கீழே இருப்பவர் விலை கொடுக்கக் கூடாது.

காவிரியில் நாம் கீழே, ஆழியாற்றில் நாம் மேலே

தனிமனிதர்களுக்கு இடையே இருந்த இந்தச் சொல்லைப் பிறகு நாடுகளுக்கும் மாநிலங்களுக்கும் நீட்டித்தார்கள். ஆறு முதலில் ஓடும் பகுதி ‘அப்பர் ரைபேரியன்’, பிறகு ஓடும் பகுதி ‘லோயர் ரைபேரியன்’.

1895-ல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜட்சன் ஹார்மன் ஒரு கருத்துச் சொன்னார். ரியோ கிராண்டே ஆறு எங்கள் எல்லைக்குள் இருக்கும்வரை நாங்கள் என்ன செய்தாலும், கீழே இருக்கும் மெக்சிகோவுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அதன் சாரம். ஆனால் 1906-ல் அதே அமெரிக்கா மெக்சிகோவுக்கு ஆண்டுதோறும் தண்ணீர் தர ஒப்பந்தம் போட்டது. மேலே இருக்கிறோம் என்ற தெம்பில் பேசுவது சுலபம். அதை வைத்துக் காலம் தள்ள முடியாது.

நம் உச்ச நீதிமன்றமும் 2018 பிப்ரவரி 16 அன்று காவிரித் தீர்ப்பில் இதைத்தான் சொன்னது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறு தேசியச் சொத்து, எந்த மாநிலமும் தனிச் சொந்தம் கொண்டாட முடியாது. பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டிய அளவு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று அந்தத் தீர்ப்பில் வரையறுக்கப்பட்டது. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி.

காவிரியில் நாம் கீழே இருப்பதால், ‘மேலே இருப்பவர் நியாயமாக நடக்க வேண்டும்’ என்று கேட்கிறோம். சரியான கோரிக்கைதான். ஆனால் ஒரு நிமிஷம் ஆழியாற்றைப் பாருங்கள். அங்கே மேலே இருப்பது நாம். கீழே இருப்பது கேரளாவின் சித்தூர் விவசாயி. பி.ஏ.பி. ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளாவுக்கு விட வேண்டும். பிலிகுண்டுலுவில் நாம் அளவுகோலைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போல, மணக்கடவில் அவர்கள் நிற்கிறார்கள்.

இங்கே ஒரு நியாயம், அங்கே ஒரு நியாயம் என்று பேச இந்தச் சொல் இடம் தராது.

பி.ஏ.பி.யின் பலம் கரை அல்ல, கையெழுத்து

இன்னொரு உண்மையையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பி.ஏ.பி. தண்ணீரில் பெரும்பங்கு கரையோர உரிமையால் வருவதே இல்லை.

நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம் போன்றவை இயற்கையாக மேற்கே ஓட வேண்டிய ஆறுகள். பெரியாறு, சாலக்குடி, பாரதப்புழை என மூன்று படுகைகளைச் சேர்ந்த தண்ணீரை அணைகள், சுரங்கங்கள் வழியாக ஒன்றோடொன்று இணைத்துக் கிழக்கே திருப்பியதுதான் இந்தத் திட்டம். சர்க்கார்பதியிலிருந்து சுமார் 49 கி.மீ. நீளக் காண்டூர் கால்வாய் அதைத் திருமூர்த்தி அணைக்குக் கொண்டுபோகிறது. அங்கிருந்து சுமார் 3.77 லட்சம் ஏக்கர், நான்கு மண்டலங்களாக, சுழற்சி முறையில் பாசனம் பெறுகிறது. அதன் கடைமடைப் பகுதிகளான காங்கேயமும் வெள்ளகோவிலும் காவிரிப் படுகையில் இருக்கின்றன.

ஆக, வெள்ளகோவில் விவசாயி எந்த வகையிலும் பரம்பிக்குளம் ஆற்றின் கரையோரக்காரர் இல்லை. அவருடைய உரிமை எங்கிருந்து வருகிறது? 1970 மே 29 அன்று கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் அமலில் இருப்பதாகக் கொள்ளப்பட்ட இரு மாநில ஒப்பந்தத்திலிருந்து. 30 ஆண்டுகளுக்குப் பின் மறு ஆய்வு என்று அந்த ஒப்பந்தமே சொல்கிறது. அந்தக் கெடு 1988-லேயே வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் இரு மாநில முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்துக் குழு அமைக்க முடிவு செய்தார்கள். பேச்சு இன்னும் இழுத்துக்கொண்டுதான் போகிறது.

கரையோர உரிமை நிலத்தோடு வருவது. ஒப்பந்த உரிமை நம்பிக்கையில் நிற்பது. மணக்கடவில் நாம் எவ்வளவு ஒழுங்காக விடுகிறோமோ, அந்த அளவுக்குத்தான் ஆனைமலையாறு, நல்லாறு அணைகளைப் பற்றிக் கேரளாவிடம் தைரியமாகப் பேச முடியும்.

ஒட்டன்சத்திரம் கேள்வி

2022-ல் ஆழியாற்றிலிருந்து திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பகுதிக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது பி.ஏ.பி. விவசாயிகள் கொதித்தார்கள். ‘எங்களுக்கே பத்தல, வேற படுகைக்கு எப்படிக் கொடுப்பீங்க?’ என்பது அவர்கள் கேள்வி.

பழைய ஆங்கிலேயக் கரையோரச் சட்டத்தின்படி பார்த்தால் அந்தக் கேள்விக்கு வலு உண்டு. கரையை ஒட்டாத நிலத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோகக் கூடாது என்பதே அதன் அடிப்படை. ஆனால் அந்த வாதத்தைக் கடைசிவரை இழுத்தால், காங்கேயத்துக்குப் போகும் தண்ணீரும் நின்றுவிடும். அதுவும் படுகை மாறிப் போகும் தண்ணீர்தானே! தவிர, காவிரித் தீர்ப்பில் பெங்களூரின் குடிநீருக்கு 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கொடுத்தபோது, அந்த நகரின் பெரும்பகுதி காவிரிப் படுகைக்கு வெளியே இருக்கிறது என்பதை உச்ச நீதிமன்றம் தடையாக எடுத்துக்கொள்ளவில்லை. குடிநீருக்கு முதலிடம் தந்தது.

அதற்காக விவசாயிகளின் பயம் தவறு என்று ஆகிவிடாது. அவர்கள் கேட்க வேண்டியது, அரசு பதில் சொல்ல வேண்டியது வேறொன்று: அணைக்கு வரும் தண்ணீர் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு, வறட்சி ஆண்டில் முதலில் யாருக்குக் குறையும்? இந்தக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடாமல் குழாய் பதிக்கக் கிளம்புவதுதான் சந்தேகத்தை வளர்க்கிறது.

நிலம் வாங்கும் முன்

கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பலருக்கு வார இறுதிக்கு ஒரு தோப்பு, சின்னதாக ஒரு பண்ணை வீடு என்று ஆசை இருக்கிறது. ‘ஆத்தோரம்ங்க, தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க’ என்று தரகர் சொல்வார். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நான்கு கேள்விகள்:

1. ஓடுவது ஆறா, வாய்க்காலா? வாய்க்கால் என்றால் கரையில் இருப்பதற்கு மதிப்பில்லை. நிலம் ஆயக்கட்டில் இருக்கிறதா என்று நீர்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. நிலம் உண்மையிலேயே ஆற்றை ஒட்டியிருக்கிறதா? கண்ணால் பார்த்தால் ஒட்டியிருப்பதுபோலத் தெரியும். புலப்பட வரைபடத்தில், அதாவது எஃப்.எம்.பி.யில் பார்த்தால் நடுவில் ஒரு பட்டை ஆற்றுப் புறம்போக்கு இருக்கலாம். அது அரசு நிலம். உங்கள் எல்லை அதற்கு இந்தப் பக்கமே முடிந்துவிடுகிறது.

3. பெரிய தோட்டத்தைப் பிரித்து விற்கிறார்களா? கரையோர உரிமை கரையைத் தொடும் துண்டுக்குத்தான். பின்வரிசை மனைக்கு ‘ஆற்றுத் தண்ணீர் உரிமையோடு’ என்று சொன்னால் அது எந்தப் பத்திரத்தில், எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

4. கிணறு எங்கே வெட்டியிருக்கிறது? நிலத்தடி நீருக்குச் சட்டம் வேறு. உங்கள் எல்லைக்குள், தனி ஓட்டமாக இல்லாத நிலத்தடி நீரை எடுக்கலாம் என்று அதே 7-வது பிரிவு சொல்கிறது. ஆனால் வாய்க்காலை ஒட்டிக் கிணறு வெட்டி, ஊறி வரும் தண்ணீரைக் குழாய் போட்டு எங்கோ கொண்டுபோவது வேறு கதை. கடைமடை விவசாயிகள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்வது இதைப் பற்றித்தான். அப்படி ஒரு கிணற்றோடு வரும் தோட்டத்தை வாங்கினால் அதன் வம்பும் சேர்ந்தே வரும்.

கடைமடையிலிருந்து பார்த்தால்…

ஆங்கிலச் சட்டம் கரையைப் பார்த்து உரிமையைச் சொன்னது. நம் பாசனமொழி வேறொரு சொல்லை வைத்திருக்கிறது: கடைமடை. தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வரும்போது நம் ஊரில் முதலில் கேட்பது ‘கடைமடைக்குப் போய்ச் சேர்ந்துச்சா?’ என்பதுதான். பங்கீடு ஒழுங்காக நடந்ததா என்பதைக் கடைசி வயலை வைத்து அளக்கும் பழக்கம் அது.

தலைமடையில் ஒருவர் மோட்டார் வைத்து உறிஞ்சினால் வெள்ளகோவிலில் ஒரு தோட்டம் காய்கிறது. ஆற்றில் கழிவு விட்டால் அடுத்த ஊரின் குடிநீர் கெடுகிறது. மணக்கடவில் கணக்குத் தவறினால் காவிரிக்காக நாம் பேசும் பேச்சு பலவீனமாகிறது. மூன்றும் ஒரே தவறின் மூன்று அளவுகள்.

இதைத் தடுக்க அரசு உடனே செய்யக்கூடியவை உண்டு. பி.ஏ.பி.யின் ஒவ்வொரு அணைக்கும் வரும் நீர், ஒவ்வொரு மண்டலத்துக்கும் விடும் நீர், மணக்கடவில் போகும் நீர் ஆகியவற்றை அன்றாடம் ஒரே இடத்தில், மொபைலில் பார்க்கும்படி தமிழில் வெளியிடலாம். கடைமடையில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்ற அளவையும் அதில் கட்டாயம் சேர்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் பாசன முறைகளை விவசாயிகள் மேலாண்மை செய்வதற்கான சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு அந்த அளவைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கொடுக்கலாம். புதிதாக ஓர் அணை கட்டுவதைவிட இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

அடுத்த முறை ‘ரைபேரியன்’ என்ற சொல்லைச் செய்தியில் பார்த்தால், ‘நமக்கு எவ்வளவு கிடைக்கும்?’ என்பதோடு ‘நமக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?’ என்றும் கேளுங்கள். அந்தச் சொல்லின் சட்டப் பொருளில் இரண்டு கேள்விகளும் சேர்ந்தேதான் இருக்கின்றன.